அணிலுக்கும் சிட்டுக்கும் நடுவர்

தில்லைநாதன் அண்ணை நடுவராக இருக்கும் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்புக் கேட்க யாரும் வருவதில்லை. தீர்ப்பு என்னவென்று போன வருடமே தெரியும். குடும்பத்தின் நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா? இரண்டு பேரும். பிள்ளைகளுக்கு வேண்டியது கண்டிப்பா செல்லமா? இரண்டும். பணமா குணமா என்று ஒருமுறை கேட்டார்கள். அதற்கும் மனுசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்கு ரெண்டு கண். எந்தக் கண்ணைக் குத்தச் சொல்லுறியள்?" என்று சபையைக் கேட்டு, கைதட்டு வாங்கி, இரண்டு அணிக்கும் கேடயம் கொடுத்து அனுப்பிவைத்தார். பாம்பும் சாகாது, தடியும் முறியாது. இவரால் எங்கள் தமிழ்ப் பள்ளியின் வாணி விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் இரண்டு கேடயம் செய்விக்க வேண்டியிருந்தது.

நான் சிவகலா. சுவிஸில், ஆராவ் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன். விழாவுக்கு நிகழ்ச்சி ஒழுங்கு செய்வதும் நான்தான், ஏனென்றால் வேறு யாராவது செய்தால் எனக்குப் பிடிக்காது. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கட்டை வாயை வைத்துக்கொண்டு அவர்கள் யாராவது இந்த ஊரில் கடை நடத்திக் காட்டட்டும், பார்க்கலாம்.

அண்ணையைப் பற்றிச் சொல்ல வந்தேன். திருகோணமலைக்காரர். நல்ல உயரம், நல்ல குரல். மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்குகிறவரை எழுப்பிவிடுவார். வேலை, வயோதிபர் இல்லத்தின் சலவைப் பகுதியில். படுக்கை விரிப்புகளை அவர் மடித்து அடுக்கினால் செங்கல் அடுக்கிய மாதிரி இருக்கும். அங்கேயும் அவர் நடுவர்தான். யன்னலோரச் சாய்கதிரைக்காக இரண்டு சுவிஸ் கிழவிகள் சண்டை பிடித்தபோது, காலையில் ஒருத்திக்கு, பின்னேரம் மற்றவளுக்கு என்று பிரித்துக் கொடுத்தவர். இரண்டு பேரும் நத்தார்ப் பண்டிகைக்கு அவருக்குச் சொக்லேற் கொடுக்கிறார்கள். இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்.

வெளியில் இது சாமர்த்தியம். வீட்டில் இதற்குப் பெயர் வேறு. அவருடைய மனைவி ஞானேஸ்வரி அக்கா என் கடைக்கு வருகிற நேரமெல்லாம் நான் கேட்பேன், என்ன சமையல் என்று. "கேட்டனான். புட்டெண்டாலும் சரியாம், இடியப்பமெண்டாலும் சரியாம்" என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அது சாப்பாட்டு விஷயம், போகட்டும். பெரிய விஷயம் என்றால் அண்ணையிடம் ஒரே சொல்தான்: "பாப்பம்." வீடு மாறுவோமா? பாப்பம். சஜீதாவைக் கனடா மாப்பிள்ளைக்குக் கொடுப்போமா? பாப்பம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சஜீதா தானாக முடிவெடுத்து, அந்தப் பொடியனையே கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தாள். நல்ல பிள்ளை. தாயைப் போல.

அந்தக் கல்யாணத்துக்கும் அண்ணை கனடா போகவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை இங்கே வரவழைத்து ஆராவில் ஒரு விருந்து வைத்துச் சமாளித்தார். காரணம் ஒரு நேர்த்திக்கடன்.

இந்த நேர்த்திக்கடனை நான் விளக்கியே ஆகவேண்டும். உலகத்தில் எல்லாரும் கடவுளுக்கு ஏதாவது கொடுப்பதாகத்தான் நேர்த்தி வைப்பார்கள். தேங்காய் உடைப்பார்கள், காவடி எடுப்பார்கள், மொட்டை அடிப்பார்கள். அகதியாக அண்ணை முதன்முதலில் ஏறிய விமானம் நடுவானில் ஆடோ ஆடென்று ஆடியதாம். அப்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கோணேசப் பெருமானே, இந்த ஒருக்கா என்னை உயிரோடை இறக்கிவிடு, இனி என்ரை சீவியத்திலை இதிலை ஏறமாட்டன்" என்று வேண்டிக்கொண்டார். திருகோணமலைக் கோணேசர் இறக்கிவிட்டார். அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். கடவுளுக்கென்று ஒரு சதமும் செலவழிக்காமல், தனக்கு வசதியாக, ஒன்றையும் செய்யாமல் இருப்பதே நேர்த்தி என்று வைத்த மனுசனை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாரிசுக்கு ரயிலில் போவார். லண்டனுக்கும் ரயிலில் போவார். கனடாவுக்கு ரயில் இல்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டு சித்திரையில் சஜீதா போன் எடுத்துத் தான் பிள்ளைத்தாச்சி என்று சொன்னாள். கார்த்திகையில் பிள்ளை. அம்மாவும் அப்பாவும் வந்து நிற்கவேண்டும் என்று கேட்டாள். ஞானேஸ்வரி அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் இடத்தில் வேலை. உடனே போய் நீண்ட லீவு கேட்டு வாங்கிவிட்டாள். பிறகு புருசனைக் கேட்டாள், "வாறியளோ?" என்று.

"பாப்பம்" என்றார்.

அவர் கனடாவைப் பார்த்தது போனில்தான். சஜீதா வீட்டுப் பின்வளவிலிருந்து அந்தக் கோடை முழுக்க வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றில் ஒரு அணில். சிப்மங் என்று சொல்கிறார்கள். நம்முடைய அணிலை விடக் கொழுகொழுவென்று, முதுகில் இன்னும் கூடுதலாகக் கோடுகள். "இராமர் கனடாவுக்கும் போனவரோ?" என்று அண்ணை சிரித்தார். அது நிலத்தில் கிடந்த விதைகளை எல்லாம் பொறுக்கிக் கன்னத்துக்குள் அடைத்து, முகம் இரண்டு மடங்கு வீங்க, வளைக்குள் ஓடிப்போய் இறக்கிவிட்டு மறுபடி வரும். இன்னொரு வீடியோவில் ஒரு குருவி. பெருவிரலளவு. தொண்டையில் சிவப்பு. சீனித்தண்ணீர்ப் போத்தலுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நின்று குடிக்கும். செட்டை அடிப்பது கண்ணுக்குத் தெரியாது, ஒரு இரைச்சல் மட்டும் கேட்கும். ரீங்காரச் சிட்டு. அண்ணை என் கடையில் நின்று இதை வருகிற ஆட்கள் எல்லாருக்கும் காட்டுவார். கத்தரிக்காய் வாங்க வந்த மனுசி பாவம், கையில் பையோடு நின்று பார்க்கும்.

ஒருநாள் நான் கேட்டேன், "அண்ணை, இதுகளிலை எது கெட்டிக்காரன்?"

"ரெண்டும்தான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போன பிறகு ஞானேஸ்வரி அக்கா வந்தாள். முகம் வாடியிருந்தது. "சித்திரையிலை கேட்டனான், சிவகலா. இப்ப ஆவணி. மனுசன் இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"நீங்கள் தனியப் போங்கோ."

"போகத் தெரியும். இவர் வாறன் எண்டு ஒரு வார்த்தை சொல்லவேணும். இல்லாட்டி வரேல்லை எண்டாவது சொல்லவேணும். எனக்கு இந்த மனுசனோடை மதில்மேல் பூனை பாத்துக் களைச்சுப்போச்சு."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனைகள் எனக்குக் கோபத்தில்தான் வரும். அந்த வருட வாணி விழாப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு: "குளிர்காலத்தை வெல்வதில் சிறந்தது, இருந்து சமாளிக்கும் கனடா அணிலா, பறந்து சமாளிக்கும் ரீங்காரச் சிட்டா?" பெற்றோர் சங்கத்தில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். இது என்ன மிருகக்காட்சிச்சாலையோ என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் என்று சொன்னேன். விஞ்ஞானம் என்றால் நம்மவர்கள் உடனே அடங்கிவிடுவார்கள். அண்ணைக்குத் தலைப்பைச் சொன்னபோது மனுசனுக்கு அப்படியொரு சந்தோசம். தன்னுடைய வீடியோவிலிருந்து பிறந்த தலைப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கண்ணி வைத்தவளுக்கே அவர் நன்றி சொன்னார்.

கேடயம் செய்கிற இடத்தில் இந்த முறை நான் ஒரேயொரு கேடயத்துக்குத்தான் சொல்லி வைத்தேன்.

சிட்டின் பக்கம் பேசப் பாசல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிற ஆருஷைப் பிடித்தேன். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் கொஞ்சம் தடுக்கும், ஆனால் தகவல் தடுக்காது. அணிலின் பக்கம் இந்திரா ரீச்சர். இந்தத் திட்டம் முழுவதையும் அக்காவுக்குச் சொன்னேன். அவள் சற்றே யோசித்துவிட்டு, "இந்திராவுக்குத் தொண்டை கட்டட்டும். அணிலை எனக்குத் தா" என்றாள்.

"என்ன கதை இது? நீங்கள் சிட்டின்ரை பக்கம் எல்லோ நிக்கவேணும்?"

"சிட்டுக்கு ஆரும் கதைப்பினம். அணிலோடை குடும்பம் நடத்தினது நான்தானே."

இந்திரா ரீச்சருக்கு விழாவன்று காலை தொண்டை கட்டியது. தேங்காய்ப்பால் கஞ்சி கொடுத்து, கட்டினதாகச் சொல்லவைத்தது நான்தான்.

மண்டபம் நிரம்பியிருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் சுண்டலும் அவலும் வைத்து, பிள்ளைகள் நடனம் முடித்து, நெற்றிச்சுட்டியோடு ஓடித் திரிந்தார்கள். அண்ணை மேடையில் நடுக்கதிரையில் பட்டுச் சால்வையோடு இருந்தார். அணிலின் பக்கம் மாற்றுப் பேச்சாளராகத் தன் மனைவி ஏறி வருவதைக் கண்டதும் அவருடைய சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. சபை கைதட்டியது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மத்தளம் தண்ணீர்ப் போத்தலை எடுத்தது.

ஆருஷ் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான். "இந்தக் குருவி எங்கடை இருபது ராப்பன் காசுக் குற்றியை விடப் பாரம் குறைவு. குளிர் வர முதல் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தன்ரை நிறையை டபிள் ஆக்கும். பிறகு தெற்காலை போகும். வழியிலை கடல். கன குருவியள் அந்தக் கடலை இறங்காமல் ஒரே பறப்பிலை தாண்டும். அதுக்கு மேலை குந்த மரம் இல்லை, குடிக்கத் தேன் இல்லை. இவ்வளவு சின்ன உயிரே பறக்குது. பயப்பிடுறவைக்கு இது ஒரு பாடம், நடுவர் அவர்களே!" சபையில் யாரோ விசிலடித்தார்கள். அண்ணை தலையாட்டினார். ஆட்டிய தலையை உடனே நிறுத்தியும் கொண்டார்.

அடுத்து அக்கா மைக்குக்கு வந்தாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சை", "இஞ்சேருங்கோ" இவ்வளவுதான். அன்றைக்கு நிமிர்ந்து நின்று, "மாண்புமிகு நடுவர் அவர்களே" என்றாள். சபை அதற்கே சிரித்தது.

"தம்பி ஆருஷ் குருவியைப் புகழ்ந்தார். நான் அணிலைப் புகழ வந்தனான். அணில் மாதிரி ஒரு நல்ல சீவன் உலகத்திலை இல்லை. கோடை முழுக்க உழைக்கும். கன்னம் புடைக்கச் சேர்க்கும். குளிர் வந்தால் வளைக்குள்ளை போய் வாசலை அடைச்சுப்போட்டுப் படுக்கும். இடைக்கிடை எழும்பும், சேத்து வைச்சதிலை கொஞ்சம் கொறிக்கும், திரும்பப் படுக்கும். அதுக்கு விசா வேண்டாம். சூட்கேஸ் வேண்டாம். இடுப்பிலை பெல்ட் கட்டவேண்டாம். அதின்ரை வளைக்குள்ளை ஆட்டமில்லை, அசைவில்லை."

மண்டபம் குலுங்கியது. நேர்த்திக்கடன் கதை தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. அண்ணையும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

"ஒரு வளைக்கு ஒரு அணில்தான். புருசன் ஒரு வளை, பெண்சாதி ஒரு வளை. வா எண்டு கேக்கவும் தேவையில்லை, வாறன் எண்டு சொல்லவும் தேவையில்லை." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அதின்ரை பேரப்பிள்ளை எந்த வளையிலை பிறந்தது எண்டு அதுக்குத் தெரியாது. தெரியாதபடியாலை கவலையும் இல்லை. இதை விட நிம்மதியான சீவியம் எது, நடுவர் அவர்களே? ஆனபடியாலை அணிலுக்கே தீர்ப்புத் தாருங்கோ."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தையின் சதங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நான் விளையாட்டாக வைத்த கண்ணிதான், ஆனால் அவளுடைய குரல் விளையாடவில்லை.

ஆருஷ் மறுப்புரைக்கு எழும்பி, சிட்டு தனியே போகவில்லை, குடும்பமாகப் போகிறது என்று ஒரு புளுகு விட்டுப் பார்த்தான். அக்கா இருந்த இடத்திலிருந்தே கேட்டாள், "தம்பி, படிக்கிற பிள்ளை, உண்மையைச் சொல்லு. ஆண்குருவி கூடு கட்டுமோ? குஞ்சுக்குத் தீன் குடுக்குமோ?" அவன் காது சிவந்தது. "இல்லை ஆன்ரி. அது முதலே தனிய வெளிக்கிட்டுடும்" என்று உண்மையை ஒப்புக்கொண்டு உட்கார்ந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

இனித் தீர்ப்பு. நான் மேடைக்குப் போய் மேசையில் கேடயத்தை வைத்தேன். ஒன்று. அண்ணை அதைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் பார்த்தார், மேசைக்குக் கீழேயும் ஒருமுறை பார்த்தார். "மற்றது?" என்று மெல்லக் கேட்டார்.

"இந்த முறை ஒண்டுதான் அண்ணை."

வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "எனக்கு ரெண்டு கண்" என்று தொடங்கினார். சபை கைதட்டத் தயாரானது. ஆனால் அவர் மேலே சொல்லவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, அணிலின் பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீர்ப்புச் சொல்லுறன். அணில் தோத்துப்போச்சு." சபை ஆவென்றது. "சிட்டும் தோத்துப்போச்சு."

"இதென்ன அண்ணை!" என்று யாரோ கத்தினார்கள்.

"ரெண்டும் கெட்டிக்கார உயிரியள்தான். குளிரை வெல்லத் தெரியும். ஆனா அணில் தனியக் கிடந்து வெல்லுது, சிட்டு தனியப் பறந்து வெல்லுது. எனக்கு அந்த ரெண்டு வித்தையும் தெரியாது." அவருடைய பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. மைக் இருந்தபடியால் கேட்டது. "இவ போனா நான் அந்த வீட்டிலை ஆரோடை கதைக்கிறது? எனக்கு இவ இல்லாமல் இருக்கத் தெரியாது. பிளேன் எண்டா பயம். இவ்வளவு காலமும் கோணேசர் எண்டு சொன்னது பொய். பயம்தான். ஆனா நானும் போறன்."

அப்போது எழும்பிய கைதட்டு மாதிரி அந்த மண்டபத்தில் நான் கேட்டதில்லை. நானும் தட்டினேன், கண்ணும் கலங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது. ஞானேஸ்வரி அக்கா எழும்பி மைக்கடிக்கு வந்தாள். எல்லாரும் அவள் ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று அமைதியானோம்.

"ஒரு ரிக்கெற்தான் போட்டனான்" என்றாள். "வாற கிழமை வெளிக்கிடுறன்."

சொல்லிவிட்டுச் சுண்டல் கொடுக்கப் போய்விட்டாள்.

இது எனக்கும் தெரியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். கண்ணி வைக்கும்போது கூட்டாளி, ரிக்கெற் போடும்போது நான் யாரோ. பிறகு கடையில் பிடித்து வைத்துக் கேட்டேன், மனுசன் வாறன் என்று சபையில் சொல்லிவிட்டாரே, அவருக்கும் ஒன்று போட்டுவிடுங்கோவன் என்று. "அவருக்குக் கை கால் இருக்கு" என்றாள். சொன்ன கிழமையில் சிட்டாகப் பறந்துவிட்டாள்.

அண்ணையின் நிலைமையை நான் நேரில் பார்த்தவள். அணிலை ஏறவிட்ட நாய் மாதிரி இருந்தார். வேலை முடிந்து தினமும் கடைக்கு வருவார். ஒன்றும் வாங்கமாட்டார். வீட்டில் இருந்த திரைச்சீலை எல்லாம் தோய்த்து அழுத்தி மாட்டியாகிவிட்டது, அடுப்படித் துணியைக்கூட அயன் பண்ணினாராம். "வீடு நல்ல துப்புரவு, சிவகலா. ஒரு சத்தம் இல்லை" என்று சொல்லிவிட்டு வெங்காயச் சாக்கின்மேல் இருப்பார். மேடையில் சொன்ன "போறன்" என்ன ஆயிற்று என்று நான் கேட்டால், "ஓம், போறதுதான். எப்ப எண்டு பாப்பம்" என்பார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கார்த்திகை பிறந்துவிட்டது. பிள்ளை பிறக்கிற நாள் நெருங்கிவிட்டது. அக்காவுடன் போனில் கதைக்கும்போது நான், "இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே" என்று திட்டினேன். அவள் மழையைப் பற்றிப் பேசினாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணை கடைக்குள் வந்து, "தேங்காய் எல்லாத்தையும் எடு" என்றார்.

விஷயம் இதுதான். முதல் நாள் கோயிலுக்குப் போய் ஐயரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்திருக்கிறார். பயத்தில் வைத்த நேர்த்தியானாலும் வாயால் சொன்னது சொன்னதுதானே, மீறினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். ஐயர் சிரித்துவிட்டு, "கோணேசர் பிள்ளைக்குட்டிக்காரர். பேரப்பிள்ளை பாக்கப் போறவனை ஏன் போறாய் எண்டு கேக்கமாட்டார். ஆனா சும்மா போகாதையும், தேங்காய் உடைச்சுப்போட்டுப் போம்" என்று சொல்லி வழிவிட்டாராம். நானும் கூடப் போனேன், வியாபாரம் எனக்கென்றாலும் வேடிக்கை எனக்கு முக்கியம். கோயில் பின்புறத்தில் நிலம் ஊத்தையாகாமல் ஒரு பெரிய தொட்டிக்குள் போட்டு உடைக்கவேண்டும். ஒன்று, இரண்டு நன்றாக உடைந்தது. அடுத்தது உடைந்ததும் ஒரு நாற்றம். அழுகல்.

அண்ணை உறைந்துபோனார். அழுகல் தேங்காய் என்றால் என்ன சகுனம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அவர் முகம் வெளிறி ஐயரைப் பார்த்தார். ஐயர் என்னைப் பார்த்தார்.

"அது கோணேசரின்ரை குற்றம் இல்லை. கடைக்காரியின்ரை குற்றம்" என்றார் ஐயர். "மற்றதை உடையும்."

என் வாழ்க்கையில் ஒரு பழியை நான் பேசாமல் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அங்கிருந்து நேரே ரிக்கெற் போடுகிற இடத்துக்குப் போனோம். அந்தப் பெண் யன்னலோர இருக்கையா, நடைபாதையோர இருக்கையா என்று கேட்டாள். அண்ணை நெடுநேரம் யோசித்தார். கடைசியில் நடு இருக்கை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே நாளில் மனுசன் முழுக்க மாறிவிடுவாரா என்ன?

சூரிச் விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். கல்யாண வீட்டுக் கோட்டுப் போட்டிருந்தார். பெட்டிக்குள் சரக்குத் தூளும் பிள்ளைச் சட்டையும் இருந்தன. பயணிகள் மட்டும் போகிற வாசலடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். நெற்றி வியர்த்திருந்தது.

"சிவகலா, நீயே ஒண்டைச் சொல்லு. போகட்டோ, விடட்டோ?"

தள்ளிவிட்டால் போயிருப்பார். வா என்றால் திரும்பிக் காருக்கு வந்திருப்பார். எனக்கு வாயில் இரண்டு பதிலும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன். நான் வாய்மூடி நின்றதற்கு வேறு சாட்சி இல்லை, ஆனாலும் நம்புங்கள். அவர் என்னையே பார்த்தார். பின்னால் நின்ற ஒரு சுவிஸ் குடும்பம் "எக்ஸ்கியூசி" என்று சொல்லி அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர்களுடைய சின்னப் பெண் பிள்ளை துள்ளித் துள்ளி உள்ளே போவதை அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வந்திருப்பார், அது அவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் கடையில் நல்ல சனம். ஞானேஸ்வரி அக்கா போன் எடுத்தாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "என்ன, பார்சல் வந்து சேர்ந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

"வந்திட்டார்" என்றாள். "நடுச் சீற்றிலை இருந்து ரெண்டு பக்கத்து ஆக்களின்ரை கையையும் பிடிச்சுக்கொண்டு வந்தவராம். இப்ப சஜீதாவுக்கு ரசம் வைக்கிறார்."

"நல்ல வேலை செய்தியள் அக்கா. அந்த மனுசனை இவ்வளவு நாள் தவிக்கவிட்டு. முதலே ரெண்டு ரிக்கெற் போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அடுப்படியில் அவர் ஏதோ கரண்டியைத் தேடுகிற சத்தம் கேட்டது. அவள் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த குரல் மிகவும் கிட்டவாக இருந்தது.

"ரெண்டு போட்டிருந்தா அவர் என்ரை ரிக்கெற்றிலை வந்திருப்பார், சிவகலா. நான் கொண்டுபோன சாமான்களோடை ஒரு சாமான். இவ்வளவு காலமும் நான்தான் இழுத்தனான். வீடு, பிள்ளை, எல்லாத்துக்கும் நான்தான் இழுத்தனான். ஒருக்கா அவர் தானா வாறாரோ எண்டு பாக்கவேணும்போலை இருந்தது." மூக்கை உறிஞ்சினாள். "ஒருவழி ரிக்கெற்தான் போட்டுக்கொண்டு வந்தனான். வராமல் விட்டிருந்தா நான் திரும்பி வந்திருக்கமாட்டன். அவர் எயார்போர்ட்டாலை வெளியிலை வரும்வரைக்கும் எனக்குக் கால் நிலத்திலை நிக்கேல்லை. நீ இதை அவருக்குச் சொல்லிப்போடாதை."

சொல்லமாட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டுத் தராசுக்கு முன்னால் நின்றேன். வாசலடியில் அவர் என்னைக் கேட்டபோது நான் வாய் தவறி "சரி அண்ணை, வாங்கோ வீட்டை போவம்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தேன். வரிசையில் நின்ற மனுசி, "என்ன பிள்ளை, ஏன் அழுறாய்?" என்று கேட்டாள். நான் அவளுடைய வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே அழுதேன்.